மதுரையில் பஸ் பிடித்துச் சுற்றுவது: வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு பழங்காநத்தத்தில். சொந்தக்காரர்களோ நண்பர்களோ மதுரைக்குக் கிளம்பினால் முதல் நாள் ராத்திரி எனக்குப் போன் வந்துவிடும். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். டவுன் பஸ்ஸிலேயே வளர்ந்தவன் என்பதால் எனக்குப் பதில் சொல்லச் சலிப்பதே இல்லை. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மதுரையில் எத்தனை பஸ் ஸ்டாண்டு? நான் எங்கே இறங்குவேன்?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: பெரியார், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம். இந்த மூன்றும் குழம்பாவிட்டால் மதுரையில் பாதி அலைச்சல் மிச்சம்.

பெரியார் பஸ் நிலையம் ஊரின் தொப்புள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இங்கிருந்து டவுன் பஸ்கள்தான் புறப்படும். வெளியூர் போகும் வண்டியைத் தேடி இங்கே வரவேண்டாம்.

மாட்டுத்தாவணி ஊரின் வடகிழக்கு ஓரத்தில், மேலூர் ரோட்டில் இருக்கிறது. தாவணி என்றால் சந்தை. மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதால் அந்தப் பெயர். போர்டில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று இருக்கும். ஊரார் பேச்சில் மாட்டுத்தாவணிதான். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடி, ராமநாதபுரம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில், ராஜபாளையம் வண்டிகளெல்லாம் இங்கேதான். தனியார் ஆம்னி பஸ்களுக்கு இதை ஒட்டியே தனி நிலையம் உண்டு.

ஆரப்பாளையம் வைகையின் தென்கரைப் பக்கம், பெரியாரிலிருந்து ஓரிரண்டு கிலோமீட்டர். திண்டுக்கல், பழனி, கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், தேனி, கம்பம், கொடைக்கானல் பஸ்கள் இங்கே வந்து போகும்.

ஊர் ஊராக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மதுரைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கும் ஊர் என்றால் ஆரப்பாளையம், மற்ற திசை எல்லாம் மாட்டுத்தாவணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து வந்து அப்படியே ராமேஸ்வரம் போகிறோம். ஒரே இடத்தில் மாறிவிடலாமா?

முடியாது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொடைக்கானல் பஸ் உங்களை ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். ராமேஸ்வரம் பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கும். நடுவில் முழு ஊரும் கிடக்கிறது. ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு நேரடி டவுன் பஸ் உண்டு. சாயங்கால நெரிசலில் முக்கால் மணி நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

சில வருடங்களுக்கு முன் கோவையிலிருந்து வந்த என் அத்தையை அழைத்துவர மாட்டுத்தாவணியில் போய் நின்றேன். ராத்திரி எட்டு மணி. ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அத்தை ஆரப்பாளையத்தில் டீக்கடை பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் சார்ஜ் இல்லை. டீக்கடைக்காரர் தன் போனைக் கொடுத்து, "தம்பி, அம்மா இங்கிட்டு ஆரப்பாளையத்துல இருக்காங்க, பதறாம வாங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. தவறு என்னுடையது. கோவை வண்டி எங்கே வரும் என்பதை ஊர்க்காரனான நான்தான் யோசித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதுதான்.

ராமேஸ்வரத்துக்கு ரயிலும் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் மறுபடி தீவுக்குள் போகிறது. பெட்டி படுக்கையோடு போகிறவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன்.

ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு எந்த பஸ்?

பஸ்ஸே வேண்டாம், நடங்கள். ஸ்டேஷன் வாசலில் இருப்பது மேல வெளி வீதி. அதைக் கடந்து டவுன் ஹால் ரோட்டில் நுழைந்து நேரே நடந்தால் மேலக் கோபுரம் தெரியத் தொடங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் இருக்கும். கால் மணி நேரம். ஆட்டோ எடுத்தாலும் சித்திரை வீதிக்குள் வண்டி போகாது. கொஞ்சம் தள்ளித்தான் இறங்கி நடக்க வேண்டும்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளின் அமைப்பு தெரிந்தால் தொலையவே மாட்டீர்கள். கோயிலுக்குள் ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொன்றிலும் நான்கு திசைக்கும் பெயர்: கிழக்கில் இருப்பது கீழ, மேற்கில் இருப்பது மேல, மற்ற இரண்டும் வடக்கு, தெற்கு. 'கீழ மாசி வீதி' என்று யாராவது சொன்னால், பள்ளத்தில் இருக்கும் வீதி என்று தேடாதீர்கள். கோயிலுக்குக் கிழக்கே மூன்றாவது சுற்று என்று அர்த்தம். டவுன் பஸ்களை வெளி வீதிகளில்தான் அதிகம் பார்க்கலாம். உள்சுற்றுக்குள் போகப் போகக் கால்தான் வண்டி.

ஒரு விஷயம்: மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொன்றரைக்குப் பெரியாரில் இறங்கி, போனையும் செருப்பையும் ஒப்படைத்து, வரிசையில் நின்று பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2018-க்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அந்த மதிய இடைவெளியில் பஸ் ஏறி தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனை அது, 1959-இல் அருங்காட்சியகமானது. கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியாகப் போகும் மாட்டுத்தாவணி பஸ் எதில் ஏறினாலும், காந்தி மியூசியம் என்று கேட்டால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.

பஸ் நம்பரை எப்படிப் புரிந்துகொள்வது?

நம்பரை நம்பி நிற்காதீர்கள் என்பதுதான் என் அனுபவம். ஒரே எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து மாறினால் வழியே மாறிவிடும். முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் படியுங்கள். அப்புறம், பின்னால் தொங்கும் 'வழி' என்ற வரியைப் படியுங்கள். பெரியாரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு சிம்மக்கல், கோரிப்பாளையம் வழியாகவும் போகும். கீழவாசல், தெப்பக்குளம், அண்ணா நகர் பக்கமாகச் சுற்றியும் போகும். போகிற இடம் ஒன்றுதான். தெப்பக்குளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது வண்டி உங்களுக்கு லாபம்; ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அதே வண்டி சோதனை.

ஏறும்முன் படியருகில் நின்று, இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். "அண்ணே, தெப்பக்குளம் போகுமா?" போதும். கண்டக்டர் கவனிக்காவிட்டாலும் உள்ளிருந்து யாராவது பதில் சொல்வார்கள். போகாது என்றால், எந்த வண்டி, எங்கிட்டு நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். செல்போன் வரைபடம் காட்டும் நேரத்தைவிட அந்தப் பதில் நம்பகமானது.

அங்கிட்டு, இங்கிட்டு, விலக்கு, முக்கு: என்ன சொல்கிறார்கள்?

அங்கிட்டு என்றால் அந்தப் பக்கம், இங்கிட்டு என்றால் இந்தப் பக்கம். முக்கு என்பது தெருமுனை. விலக்கு என்பதுதான் பஸ் பயணிக்கு முக்கியமான சொல். மெயின் ரோட்டிலிருந்து ஓர் ஊருக்குப் பாதை பிரியும் இடம் அது. 'விலக்கில் இறங்கிக்கோங்க' என்று கண்டக்டர் சொன்னால், பஸ் ஊருக்குள் போகாது, ரோட்டிலேயே இறக்கிவிடும் என்று அர்த்தம். அங்கிருந்து நடையோ, ஷேர் ஆட்டோவோ, வேறொரு பஸ்ஸோ. வெயில் நேரத்தில் ஒரு விலக்கில் தெரியாமல் இறங்கிவிட்டால் நிழலுக்குப் புளியமரத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே விலக்கு என்ற சொல் காதில் விழுந்தால், "அங்கேயிருந்து உள்ளே எவ்வளவு தூரம்ணே?" என்று உடனே கேளுங்கள்.

பெண்களுக்கு இலவசம் என்கிறார்களே, வெளியூர்ப் பெண்களுக்கும் உண்டா?

உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர். எந்த ஊர், என்ன அட்டை என்று யாரும் கேட்பதில்லை. திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணைக்கும் இந்தச் சலுகை உண்டு. காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் தருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா டவுன் பஸ்ஸும் சாதாரணக் கட்டண பஸ் இல்லை. முன்கண்ணாடியில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெளியூர் ரூட் பஸ்ஸில் இது செல்லாது.

இந்தத் திட்டம் வந்தபின் டவுன் பஸ்ஸின் முகமே மாறிவிட்டது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா முன்பெல்லாம் இரண்டு ஸ்டாப் தூரத்தை நடந்தே வருவார். இப்போது பஸ்ஸில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் போய்வருகிறார். ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

காசாகத்தான் கொடுக்க வேண்டுமா?

கையில் சில்லறை வைத்திருங்கள். டிக்கெட் மெஷின் வந்தபின் சில வண்டிகளில் போனில் பணம் வாங்குகிறார்கள். ஆனால் கூட்டத்தில் சிக்னல் சுற்றிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஸ்டாப் வந்துவிடும். பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் ஐந்தாறு இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும். காலை முதல் டிரிப்பில் ஐநூறு ரூபாயை நீட்டாதீர்கள். பாவம், கண்டக்டரும் சில்லறைக்கு எங்கே போவார்?

ஷேர் ஆட்டோவில் ஏறலாமா?

ஏறலாம். பஸ் போகும் அதே ரோட்டில், நினைத்த இடத்தில் நிறுத்தி ஏற்றுவார்கள். ஏறும்முன் இடத்தைச் சொல்லி, "எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். முழு ஆட்டோ பிடிப்பதானால் இன்னும் கறாராகப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். மதுரையில் மீட்டர் போட்டு ஓட்டும் ஆட்டோ அபூர்வம். ஓலா, ஊபர், ராபிடோ மூன்றும் இங்கே ஓடுகின்றன. பேரம் பேச வராது என்பவர்கள், ஏறும் எண்ணம் இல்லாவிட்டாலும் போனில் அந்தத் தூரத்துக்கான தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டு பேசலாம்.

விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்குகிறோம். ஆட்டோதான் கதியா?

இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது. தூக்கக் கலக்கத்தில் இறங்கியதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, "கோயிலா, லாட்ஜா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் சொல்லும் தொகை பகல் நேரத்தைவிட நிச்சயம் அதிகம். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ் நிற்கும் பகுதி எது என்று கேட்டு நடங்கள். அங்கே பெரியார் வண்டி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் ஒரு டீ குடிப்பதற்குள் வந்துவிடும். ஊருக்குத் தூங்கா நகரம் என்று பேர் சும்மா வரவில்லை.

பக்கத்திலேயே பூ மார்க்கெட் இருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். வாங்கிக் கட்டி விற்கும் பெண்கள் அந்த அதிகாலை வண்டியில்தான் ஏறுவார்கள். ஈரத் துணியில் சுற்றிய மூட்டையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்தபடி கண்ணயர்வார்கள். "அக்கா, மூட்டைய உள்ள தள்ளுக்கா, ஆளு ஏறட்டும்" என்பார் கண்டக்டர். கண்ணைத் திறக்காமலே காலால் ஒரு தள்ளு. கோரிப்பாளையம் தாண்டிப் பாலம் ஏறும்போது ஜன்னல் வழியாக வைகைக் காற்று வரும். வண்டி முழுக்க மொட்டு வாசம் பரவும். 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலம் அது, ஊரில் ஏ.வி. பாலம் என்போம். மதுரைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு எனக்குத் தெரியவில்லை.

சுற்றுவட்டாரத்தில் எங்கெல்லாம் பஸ்ஸிலேயே போய்வரலாம்?

திருப்பரங்குன்றம் சுலபம். பெரியாரிலிருந்து அடிக்கடி வண்டி. பசுமலை தாண்டியதும் குன்று கண்ணுக்கு நேரே வந்து நிற்கும்.

அழகர்கோவில் 21 கிலோமீட்டர். அடிவாரத்தில் கள்ளழகர், மேலே பழமுதிர்சோலையில் முருகன், அதற்கும் மேலே நூபுர கங்கை. டவுன் பஸ் அடிவாரம் வரைதான். மேலே போகக் கோயில் வண்டி இருக்கிறது, நடந்தும் ஏறலாம். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பறித்துவிடும். காலையிலேயே போய்விடுவது நல்லது. இறங்கி வரும்போது திரும்பும் பஸ் எப்போது என்று போனவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கீழடிக்கு ராமநாதபுரம் ரோட்டில், சிலைமான் தாண்டி இறங்க வேண்டும். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான் என்றாலும் சிவகங்கை மாவட்டம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் அழகோடு இருக்கிறது. எல்லா ரூட் பஸ்ஸும் அங்கே நிற்காது. ஏறும்போதே கேளுங்கள், மானாமதுரை போகும் சாதாரண வண்டிதான் தோது.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு பஸ் குறைவு. தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் மலைமேல் தீர்த்தங்கரர் சிற்பங்களும் பார்க்க வேண்டியவை. போகும்போது பஸ்ஸில் போனாலும் திரும்பி வர ஆட்டோ பேசி வைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோ ரயில் இருக்கிறதா?

இல்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டார்கள். ஓடுவது பஸ்தான்.

விமான நிலையத்திலிருந்து?

தெற்கே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பெருங்குடி, அவனியாபுரம் வழியாகப் பெரியாருக்கு வரவேண்டும். பெட்டி இருந்தால் டாக்சியே எடுங்கள்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகலாமா?

நேரம் பார்த்துப் போகலாம். காலை எட்டிலிருந்து பத்து, சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரை பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாக வண்டி பிதுங்கும். நடுப்பகலில் உட்கார இடம் கிடைக்கும். பல வண்டிகளில் படி உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். பஸ் கிளம்பும் இடத்திலேயே ஏற்றிவிடுங்கள், நடுவழி ஸ்டாப்பில் வேண்டாம். பெண்கள் பெரும்பாலும் முன்படியில் ஏறுவார்கள், ஆண்கள் பின்படியில். குடும்பமாகப் போகும்போது இறங்கும் ஸ்டாப்பை இரண்டு பக்கமும் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா முன்னால் இறங்கி, அப்பா பின்னால் நின்றபடியே அடுத்த ஸ்டாப்புக்குப் போவது இங்கே அடிக்கடி நடக்கும்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் வரலாமா?

கட்டாயம் வாருங்கள். பஸ் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி ஏது! அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தைய நாள், அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலிருந்தே மூன்றுமாவடி, தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் மனிதத் தலைகள்தான். பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். எந்த ஸ்டாண்டில் இறங்கினாலும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை. தண்ணீர் பாட்டில் கூட அவசியமில்லை. வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். வாங்கிக் குடியுங்கள், அது மரியாதை.

பஸ்ஸில் பையை விட்டுவிட்டால் என்ன செய்வது?

டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்ற விவரம் அதில் இருக்கும். பக்கத்து பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்குப் போய் டிக்கெட்டைக் காட்டுங்கள். அந்த வண்டி இப்போது எங்கே இருக்கும், திரும்ப எப்போது வரும் என்று அவர் சொல்லிவிடுவார். கல்லூரிக் காலத்தில் என் நோட்டுப் பை இப்படித்தான் திருநகர் வரை போய், அடுத்த டிரிப்பில் இன்ஜின் மேல் பத்திரமாக உட்கார்ந்தபடி திரும்பி வந்தது. எடுத்துக் கொடுத்த டிரைவர், "சாப்பாட்டு டப்பாவும் உள்ள இருக்கு தம்பி, ஊசிறப் போகுது, மொதல்ல அதச் சாப்பிடு" என்றார்.